இதைப் பாத்தது யாரு, பாய்?

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு பாரசீக மொழியை வைத்து என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. என் மாமனார் பெண் கொடுப்பதற்கு முன்பே கேட்டார். ஒரு போலீஸ்காரர் கேட்டார். போன மாதம், இங்கே நிருபராக வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் வீடு தேடி வந்து அதையே கேட்டாள். அவள் வந்தபோது தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டின் மேல் குண்டு விழுவதை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே எழுத்து ஓடுகிறது, மேலே ஒருவர் கத்துகிறார். சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வாயால் சொன்னதில் பாதி விட்டுப்போயிற்று. அதனால் எழுதுகிறேன்.

நான் பேகம்பூரில் பிறந்தவன். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதியவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தது ஆபா. எங்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் அழைப்போம். அவளைச் சென்னையில் ஒரு தோல் வியாபாரக் குடும்பத்தில் கொடுத்தோம். நாடு பிரிந்த பிறகு அந்தக் குடும்பம் வியாபாரத்தைத் தூக்கிக்கொண்டு கராச்சிக்குப் போனது. ஆபாவும் போனாள். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்னைக் கல்லூரியில் பாரசீகம் எடுத்தவர்களுக்கு உதவித்தொகை இருந்தது. அதற்காகத்தான் எடுத்தேன், பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது. படிப்பு முடிந்ததும் தில்லியில் வெளிநாட்டு ஒலிபரப்புகளைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு தெஹ்ரானையும் காபூலையும் கேட்பதுதான் வேலை. ஐம்பத்து மூன்றில் ஒருநாள், காலையில் ஒருவரைத் தேசத்தின் தலைவர் என்று சொன்ன தெஹ்ரான், பொழுது சாய்வதற்குள் அதே மனிதரைத் துரோகி என்றது. நடுவில் குரல் மட்டும் மாறியிருந்தது. செய்தி என்பது யாருடைய வாயில் இருக்கிறது என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்பாவுக்குக் கை கால் விழுந்ததும் ஊருக்குத் திரும்பினேன். கல்யாணம் ஆனது. முதல் பிரசவத்திலேயே மனைவியும் குழந்தையும் போனார்கள். கொஞ்ச நாளில் அப்பாவும் போனார். இதை இரண்டு வரியில் சொல்வதற்கு எனக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. மிச்சம் ஒரு வால்வு ரேடியோவும் நானும்.

அப்போதுதான் திண்டுக்கல்லில் நாலு பக்கத்தில் ஒரு மாலைப் பத்திரிகை ஆரம்பித்தார்கள். முதலாளி புகையிலை வியாபாரி. ஆசிரியர் சவரிமுத்து சார். வெளியூர்ச் செய்திகளைத் தந்தி மூலம் வாங்குவதற்கு எங்களிடம் வசதி இல்லை. ரேடியோ கேட்டு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. சவரிமுத்து சார் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எத்தனை ஊர் ரேடியோ உங்களுக்குப் புரியும் என்று. சொன்னேன். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், மூக்குப்பொடி போடுவார், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. புரூஃபை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்து படித்தால் எழுத்து நல்லவன் மாதிரித் தெரியும் என்பார். தப்பான வார்த்தையை அடிக்கமாட்டார். நீலப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். பிறகு என் மேஜைக்கு வந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், "இதைப் பாத்தது யாரு, பாய்?" என்பார். பதில் இருந்தால் வரி நிற்கும். இல்லாவிட்டால், சொன்னது யார் என்றாவது சேர்க்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் அந்த இடத்தில் சோப்பு விளம்பரம் வரும்.

அவர் இந்த வழக்கத்துக்கு வந்தது சீனப் போரின்போது. எங்கள் அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. பத்திரிகை அச்சாகி வருவதற்கு முன்பே தலைப்புச் செய்தியைச் சாக்பீஸால் எழுதி வைப்போம். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போவார்கள். பத்திரிகையைவிடப் பலகைக்குத்தான் ஊரில் மதிப்பு. வடக்கேயிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர், நம் ஆட்கள் ஒரு கணவாயைத் திரும்பப் பிடித்துவிட்டார்கள் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி மகிழ்ச்சி தாங்காமல் தானே சாக்பீஸை எடுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை வெடி வெடித்தார்கள், ஒரு கடைக்காரர் பானகம் கரைத்து ஊற்றினார். மறுநாள் ரேடியோவில் எல்லாம் தலைகீழ். சவரிமுத்து சார் ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, "நேற்று இங்கே எழுதியது தவறு" என்று எழுதினார். எழுதிவிட்டு உள்ளே வரவில்லை. வெயிலில், பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார். வந்தவர்கள் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். சிலர் துப்பிவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் அந்த நீல வட்டம் வந்தது.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டபோது என் வேலை கூடிற்று. வேலைமுறை இதுதான். பிற்பகலில் அலுவலக வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, மாடியிலிருந்து பக்கத்து வேப்பமரம் வரை கட்டியிருந்த ஏரியல் கம்பியைச் சரிபார்ப்பேன். பொழுது இறங்கும்போதுதான் சிற்றலை தெளியும். முதலில் நம் வானொலி, அடுத்து தெஹ்ரான், அப்புறம் காபூல். பாரசீகம் என்பதால் அவர்கள் நடுநிலையானவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தெஹ்ரான் பாகிஸ்தான் பக்கம் சாய்ந்திருந்தது. அதில் விமானங்கள் மட்டும் விழும், ஆட்கள் விழமாட்டார்கள். காபூல் இரண்டு பேர் சொன்னதையும் ஒன்றன்பின் ஒன்றாக, சொன்னவர் பெயரோடு, சோம்பலாக வாசிக்கும். ஒரே மொழி, ஒரே சண்டை, ஆனால் ஒன்றைக் கேட்டால் கை முறுக்கேறும், மற்றதைக் கேட்டால் வயிறு கலங்கும். கலங்க வைத்ததைத்தான் நான் அதிகம் நம்பினேன்.

ஒருநாள் காபூலில், எல்லையோரக் கிராமங்களில் இரண்டு பக்கமும் ஜனங்கள் கிளம்பிப் போய்விட்டதால் வெடித்த பருத்தியை எடுக்க ஆளில்லை, கட்டிப்போட்ட மாடுகளை அவிழ்த்துவிடவும் ஆளில்லை என்று சொன்னார்கள். சொன்னது அங்கே போய் வந்த ஒரு நிருபர் என்றும் சொன்னார்கள். அதை நாலு வரியில் எழுதினேன். சவரிமுத்து சார் வட்டம் போடவில்லை. அந்த வாரம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்த எங்கள் ஏஜென்டு வந்து சொன்னார், டாங்கி எத்தனை விழுந்தது என்று யாரும் பேசவில்லையாம். மாட்டை அவிழ்த்துவிட்டார்களா இல்லையா என்று காய்கறி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

என் தெருவில் அப்படி இல்லை. ஜன்னல் வழியே புரியாத பாஷை கேட்டால் ஜனங்களுக்கு அது பாகிஸ்தான்தான். யாரோ எழுதிப் போட, போலீஸ்காரர் ஒருவர் ரேடியோ லைசென்ஸ் கேட்டு வந்தார். லைசென்ஸ் சரியாக இருந்தது. ஆனாலும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சவரிமுத்து சார் வந்து, "அவர் கேக்குறது என் வேலைக்கு. எழுதிக் கொடுக்கணும்னா நான் எழுதிக் கொடுக்கிறேன்" என்றார். விட்டுவிட்டார்கள். ஆனால் நான் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். என் ஆட்களே, இப்போது எதற்கு இந்த வம்பு என்று ரேடியோவை விற்கச் சொன்னார்கள். அவர்களுக்கு நான் ஒரு உண்மையைச் சொல்லவில்லை. ஆபாவின் கடிதம் நின்று போயிருந்தது. அவள் ஊரையும் என் ஊரையும் ஒரே மூச்சில், வசவு இல்லாமல் சொல்கிற குரல் அந்த நாட்களில் எனக்குக் காபூலில் மட்டும்தான் கிடைத்தது. அதைக் கேட்காமல் என்னால் சாப்பிட முடியவில்லை.

சண்டை நிறுத்தம் அறிவித்த பிறகு குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஒரு தந்தியோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்கள் ஊர்ப் பையன் வெள்ளைச்சாமி பட்டாளத்தில் இருந்தான். சண்டையில் அவனைக் காணவில்லை என்று ராணுவம் அனுப்பிய தந்தி அது. சவரிமுத்து சார் மதுரைக்குப் போயிருந்த நேரம். முதலாளி தந்தியைப் படித்தார், அவருக்கு நன்றாகவே புரிந்தது. "இம்புட்டு நாளாக் காணோம்னா என்ன அர்த்தம் பாய்? நம்ம ஜில்லாக்காரப் பய. ஊரே சேந்து மரியாதை செய்ய வேண்டாமா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனிதர் இல்லை. நான் வேண்டாம் என்றேன். பத்திரிகை உங்களுடையது, பலகை என்னுடையது என்று முதலாளி சொல்லிவிட்டு வெளியே போய், "குஜிலியம்பாறை வீரர் வெள்ளைச்சாமி போரில் வீரமரணம்" என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அடுத்த பஸ்ஸிலேயே அது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு சாவைச் சொல்வதற்கு ஆள் போவது வழக்கம். சொல்ல வந்தவன் சொன்னால்தான் சாவு. அன்றைக்கு அந்த ஆள் எங்கள் பலகை.

மறுநாள் காலை சவரிமுத்து சார் வந்தார். பலகையைப் பார்த்தார். அவர் துணியைத் தேடும்போதே நான் எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்துக்கொண்டே, "பேப்பர்ல, காணோம்னு ராணுவம் சொல்லுதுன்னு போடுறேன். ஆனா பேப்பர் போறதுக்குள்ள தாலியை எடுத்துருவாக. நீங்க போங்க பாய்" என்றார். அவரே போயிருக்கலாம். ஆனால் இரண்டு தரப்பும் கைதிகளைப் பிடித்து வைத்திருப்பதாகக் காபூலில் கேட்டவன் நான்.

பஸ்ஸை விட்டு இறங்கி மானாவாரிக் காட்டுக்குள் நடந்தேன். சோளம் முழங்கால் உயரம் நின்றது. வீட்டு வாசலில் கூட்டம். உடல் இல்லாத சாவுக்கு எப்படிச் செய்வது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச்சாமி மனைவியின் அண்ணன்மார் கோடிச் சேலையோடு வந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் போன பெண்ணுக்குப் பிறந்த வீடு கொண்டுவரும் சேலை அது. மேளக்காரர்கள் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். நான் யாரென்று கேட்டார்கள். திண்டுக்கல் பேப்பரிலிருந்து வருகிறேன் என்றேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் துக்கத்துக்கு வந்ததாக நினைத்தார்கள்.

வெள்ளைச்சாமியின் தகப்பனாரிடம் சொன்னேன். பலகையில் எழுதியது தப்பு, ராணுவம் காணவில்லை என்றுதான் சொல்கிறது, பிடிபட்டவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள் என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர், "இவரு பாகிஸ்தான் ரேடியோ கேக்குற ஆளுல்ல? அவுக சொல்லித்தான் வந்திருக்காரு" என்றார். யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். வேட்டியில் புழுதி அப்பிக்கொண்டது. அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். பொன்னுத்தாயி. இருபது வயதுகூட இருக்காது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"செத்ததைப் பாத்தவுக யாருமில்லையா?" என்றாள்.

"யாரும் பாத்ததாச் சொல்லலை, தாயி" என்றேன்.

அவள் அண்ணன்மார் மடியில் இருந்த சேலையைப் பார்த்தாள். "அப்ப இது எதுக்கு? கொண்டு போங்க" என்றாள். பிறகு தொழுவத்துக்குப் போய், காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். மேளக்காரர்கள் எழுந்து போனார்கள். யாரும் எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு சாவைத் தடுத்துவிட்ட பெருமை எனக்கு இருந்தது. அதை மறைப்பானேன்.

சில மாதம் கழித்து இரு நாடுகளும் கைதிகளை மாற்றிக்கொண்டன. வெள்ளைச்சாமி வரவில்லை. வந்தவர்களில் யாரும் அவனைப் பார்த்ததாகவும் சொல்லவில்லை. ராணுவம் அதன் முறைப்படி ஒரு முடிவுக்கு வந்து, அவன் இறந்ததாகக் கருதப்படுவதாக ஒரு காகிதம் அனுப்பியது. கருதுவது வேறு, பார்ப்பது வேறு என்று பொன்னுத்தாயி அதைப் பெட்டியில் வைத்துவிட்டாள். அவளுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான். எங்கள் நீலப் பென்சில்தான்.

திண்டுக்கல்லுக்கு வரும்போதெல்லாம் அலுவலகத்துக்கு வருவாள். நெற்றியில் குங்குமம் இருக்கும். வாசலில் நின்று, "எதுவும் உண்டுங்களா?" என்பாள். நான் இல்லை என்பேன். செத்த நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் போன பிறகு சவரிமுத்து சார் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன், இரண்டு பேரும் வேலையைப் பார்ப்போம். ஒருமுறை மட்டும், "நாம செஞ்சது சரிதானா, பாய்?" என்று கேட்டார். சரிதான் சார் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அந்த வருடம்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அவரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, அவர் நிற்கும் ஜன்னலோரம் நின்று புரூஃப் படித்தேன். நீலப் பென்சில் என்னிடம் வந்திருந்தது, கேட்க ஆளில்லை.

கடிதப் போக்குவரத்து மறுபடி தொடங்கியபோது ஆபாவின் பழைய விலாசத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. திரும்பவும் எழுதினேன். கராச்சிக்குப் போய் வந்த ஒருவர், அந்தத் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இப்போது இல்லை என்றார். இல்லை என்றால் எங்கே என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில், பொங்கலுக்கு அப்புறம், பொன்னுத்தாயி வந்தாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து என் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். மாமனார் இறந்துவிட்டதாகச் சொன்னாள். அவர் சாவுக்கு வந்தவர்கள் இவள் பொட்டைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கொள்ளி வைக்க மகன் இல்லையே என்று யாரோ அழுதபோது, பட்டாளத்திலிருந்து வந்துவிடுவான் என்று இவள் வாய் தானாகச் சொல்லிற்றாம். சொன்ன குரலைக் கேட்டு இவளுக்கே பயம் வந்துவிட்டதாம்.

"என் வீட்டுக்காரருக்குக் கருமாதி பண்ணணுங்க. ஊர்ல கேட்டா, சேதி வராம எப்படின்னு கேக்குறாக. அன்னைக்கு வேண்டாம்னு நிறுத்துனது நீங்கதான். நீங்கதான் போடணும்" என்றாள்.

பழைய பதில் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. பார்த்தவர் யாரும் இல்லையே தாயி, எப்படிப் போடுவது என்றேன்.

அவள் முந்தானையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்தாள். மடித்து மடித்து நைந்துபோன எங்கள் பத்திரிகை, அன்றைக்குச் சவரிமுத்து சார் போட்ட செய்தி. "இதைப் படிக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். காணோம்னு ராணுவம் சொல்லுதுன்னு இருக்கு. யாரு சொன்னாகன்னு போட்டுத்தான் எழுதுவீகளாமே. நான் சொல்றேன்னு போடுங்க."

"நீ பாத்தியா, தாயி?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் இத்தனை வருடப் பழக்கம் கேட்டுவிட்டது.

"பாக்கலைங்க. ஆனா அவரு வராததை, தினமும் நாந்தான் பாத்தேன்" என்றாள்.

நான் அப்போதே எழுதினேன். குஜிலியம்பாறை அருகே உள்ள கிராமத்தைச் சேர்ந்தவரும் போரில் காணாமல் போனவருமான ராணுவ வீரர் வெள்ளைச்சாமி இறந்துவிட்டார் என்று அவர் மனைவி பொன்னுத்தாயி தெரிவிக்கிறார். அவ்வளவுதான். படித்துக் காட்டினேன். வீரமரணம் என்று சேர்க்கட்டுமா என்று கேட்டேன், அது தனக்குத் தெரியாது என்றாள். அச்சாகி வரும் வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஈரம் காயாத தாளை வாங்கி, தன் பெயர் எது என்று கேட்டு, நான் காட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் பஸ்ஸுக்குப் போனாள். அதன் பிறகு அவள் அலுவலகத்துக்கு வரவில்லை.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. பத்திரிகையும் நின்றுவிட்டது. போன மாதம் வந்த நிருபர்ப் பெண் கிளம்பும்போது, உங்கள் அக்கா என்ன ஆனார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மையில்லை. கராச்சியிலிருந்து ஒரு வரி வராததை இத்தனை வருடமாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்படி ஒரு செய்தி போட வேண்டுமானால், சொன்னவர் என்று என் பெயர்தான் வர வேண்டும். நான் இன்னும் சொல்லவில்லை.